53 லிட்டரிலிருந்து 18 லிட்டருக்கு: டவரை விட்டுச் சிறிய கணினிக்கு மாறிய அனுபவம்

கணினிப் பெட்டியின் அளவை லிட்டரில் சொல்லும் வழக்கம் சிறிய கணினிகளைக் கட்டுபவர்களிடம்தான் அதிகம் உண்டு. டவர் எனப்படும் உயரமான கேபினட் (கணினிப் பெட்டி) வாங்குபவர்கள் அதன் கொள்ளளவைக் கேட்பதில்லை. மேசைக்கு அடியில் நுழைந்தால் போதும் என்று வாங்கிவிடுகிறோம். நான் பல ஆண்டுகள் பயன்படுத்திய டவர் 22 செ.மீ. அகலமும் 48 செ.மீ. உயரமும் 50 செ.மீ. ஆழமும் கொண்டது. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 53 லிட்டர் வரும். அந்த டவர் செய்த வேலை முழுவதையும் இப்போது 18.25 லிட்டர் கேபினட் ஒன்றுக்குள் இருக்கும் கணினி செய்கிறது. இந்த மாற்றத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு, குறிப்பாக நம் ஊர் வெயிலில் கணினியை ஓட்ட வேண்டியவர்களுக்கு, என் அனுபவம் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

என் தொழில் கச்சேரிகளைப் பதிவு செய்து தொகுப்பது. மார்கழி முழுவதும் சென்னை சபாக்களில் எடுத்த காட்சிகளும் ஒலித்தடங்களும் வீட்டில் ஓர் அறையில் வந்து குவியும். அது ஓய்ந்த கையோடு திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வந்துவிடும். ஆகவே என் கணினி வலுவானதாக இருக்க வேண்டும். ஒலியை நுணுக்கமாகக் கேட்டுத் தொகுப்பதால் அமைதியானதாகவும் இருக்க வேண்டும். ஆண்டில் சில முறையாவது வெளியூருக்கு எடுத்துச் செல்லக்கூடியதாகவும் இருக்க வேண்டும். டவர் முதல் தேவையை நன்றாகவும் இரண்டாவதை ஓரளவும் நிறைவேற்றியது. மூன்றாவதற்கு அது உதவவில்லை. மடிக்கணினி வாங்கியிருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். மடிக்கணினியில் உள்ள கிராபிக்ஸ் சிப், மேசைக்கணினியில் உள்ளதன் பெயரையே தாங்கியிருந்தாலும், மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்குமாறு கட்டுப்படுத்தப்பட்டது. தொகுத்த காட்சியை இறுதிக் கோப்பாக மாற்றும் ஏற்றுமதி நீண்ட நேரம் ஓடும்போது அதன் சிறு விசிறிகள் எழுப்பும் கூர்மையான ஓசை ஒலித்தொகுப்புக்கு ஒத்துவராது. நான்கைந்து ஆண்டுகள் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

டவரைத் திறந்து பார்த்தபோது உள்ளே பெரும்பகுதி வெற்றிடமாகவே இருந்தது. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இன்றும் பெரும்பாலான டவர்கள் பின்பற்றும் ஏடிஎக்ஸ் அளவுமுறையை இன்டெல் நிறுவனம் 1995இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் ஒலிக்கு ஓர் அட்டை, மோடத்துக்கு ஓர் அட்டை, வலைப்பின்னலுக்கு ஓர் அட்டை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே செருக வேண்டியிருந்ததால், 305 மி.மீ. நீளமும் 244 மி.மீ. அகலமும் கொண்ட மதர்போர்டும் (எல்லாப் பாகங்களும் இணையும் தாய்ப்பலகை) அதற்குப் பின்னால் ஏழு துளைகளும் தேவைப்பட்டன. சிடி டிரைவுகளுக்கும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளுக்கும் முன்புறத்தில் அடுக்குகள் வைத்தார்கள். இன்று ஒலியும் வலைப்பின்னலும் போர்டிலேயே வந்துவிடுகின்றன. பெரும்பாலானவர்களின் கணினியில் செருகப்படும் ஒரே அட்டை கிராபிக்ஸ் கார்டுதான். விஐஏ நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் போர்டு 170 மி.மீ. சதுரம்; அதில் ஓர் அட்டைக்கு மட்டுமே இடம் உண்டு. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிறு கருவிகளுக்காக உருவான அந்த அளவில்தான் இப்போது எட்டுக் கோர் கொண்ட செயலிச் சிப்பும் 64 ஜிபி ரேமும் பொருந்துகின்றன. என் டவரில் ஏழு துளைகளில் ஐந்து மூடியே கிடந்தன. இரண்டு ஸ்லாட் (துளை) தடிமனுள்ள ஒரு கிராபிக்ஸ் கார்டுக்காக அவ்வளவு இரும்பையும் காற்றையும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைத்தது.

சிறிய கணினிக்கு மாறும்போது நாம் இழப்பது இடத்தை மட்டுமே என்று எண்ணுகிறோம். உண்மையில் கூடுதலாக இழப்பது சலுகையை. டவரில் ஒரு பாகம் எதிர்பார்த்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் நீளமாக இருந்தாலும் பொருந்திவிடும். எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கியின் கேபிள் மிச்சமானால் எங்கேயாவது சுருட்டி மறைத்துவிடலாம். சிப்பைக் குளிர்விக்கும் கூலர் சற்று உயரமானாலும் பக்கக் கதவு மூடிக்கொள்ளும். சிறிய கேபினட்டில் ஒவ்வொரு பாகத்தின் அளவும் இன்னொரு பாகத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஆகவே வேலையின் முக்கால் பங்கு பாகங்களை வாங்குவதற்கு முன், காகிதத்தில் முடிந்துவிட வேண்டும். நான் ஒரு நோட்டில் கேபினட்டின் உள்ளளவுகளை எழுதி, ஒவ்வொரு பாகத்தின் நீளம், உயரம், தடிமன் ஆகியவற்றைத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலிருந்து எடுத்து எதிரே குறித்தேன். கிராபிக்ஸ் கார்டின் நீளத்தை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. அதன் உயரத்தோடு, மின் இணைப்பி மேலே துருத்திக்கொண்டு வளைவதற்குத் தேவையான இடத்தையும் சேர்க்க வேண்டும். 16 முனை இணைப்பி உள்ள கார்டுகளில் கம்பியை இணைப்பியிலிருந்து 35 மி.மீ. தூரம் வரை வளைக்காமல் விடுவது பாதுகாப்பு என்று பரவலாக அறிவுறுத்தப்படுகிறது. இந்தக் காரணத்தினாலேயே நான் பழைய 8 முனை இணைப்பி உள்ள ஆர்டிஎக்ஸ் 4070 கார்டைத் தேர்ந்தெடுத்தேன்.

கேபினட்டைத் தேர்வு செய்வதில்தான் எனக்கு அதிகக் காலம் பிடித்தது. சிறிய கேபினட்டுகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. முதல் வகையில் மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் நடுவில் ஒரு தடுப்பை வைத்து முதுகோடு முதுகாக நிற்கும். இரண்டையும் ரைசர் என்ற தட்டையான கேபிள் இணைக்கும். சாண்ட்விச் அமைப்பு என்று இதைச் சொல்கிறார்கள். ஃப்ராக்டல் நிறுவனத்தின் டெர்ரா இந்த வகையைச் சேர்ந்தது, கொள்ளளவு 10.4 லிட்டர். அதன் நடுத்தடுப்பை நகர்த்தலாம். கிராபிக்ஸ் கார்டுக்கு 43 மி.மீ. போதுமென்றால் கூலருக்கு 77 மி.மீ. கிடைக்கும், கார்டுக்கு 72 மி.மீ. தேவைப்பட்டால் கூலருக்கு 48 மி.மீ. மட்டுமே மிஞ்சும். ஒரு பாகத்துக்குக் கொடுப்பதை மற்றொன்றிலிருந்து எடுக்கிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. இரண்டாவது வகை, டவரின் அமைப்பையே சுருக்கியது. கூலர் மாஸ்டரின் என்ஆர்200 அப்படிப்பட்டது, கொள்ளளவு 18.25 லிட்டர். கார்டு நேராகப் போர்டில் செருகப்படும், ரைசர் தேவையில்லை, 155 மி.மீ. உயரம் வரை கூலர் வைக்கலாம்.

அழகு என்று பார்த்தால் என் மனம் முதல் வகையின் பக்கம்தான் சாய்ந்தது. ஆனால் உச்சமாக 77 மி.மீ. உயரமுள்ள கூலரை வைத்துக்கொண்டு சென்னையின் மே மாதத்தில் மணிக்கணக்காக ஏற்றுமதி ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ரைசரும் கவனம் கோரும் பாகம். என் நண்பர் ஒருவர் சாண்ட்விச் கேபினட்டில் கட்டிய கணினி முதலில் திரையில் எதையும் காட்டவில்லை. ரைசர், அட்டைகளைப் போர்டோடு இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் முறையின் மூன்றாம் தலைமுறைக்கானது, கார்டும் போர்டும் நான்காம் தலைமுறை வேகத்தில் பேச முயன்றன என்பதே காரணம். போர்டிலேயே உள்ள காட்சி வெளியீட்டில் திரையை இணைத்து, பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்த ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று. ரைசர் உள்ள கேபினட் வாங்குபவர்கள் அது எந்தத் தலைமுறை என்பதை வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் என்ஆர்200 வாங்கினேன்.

இனி வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிறிய கணினியின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் இருக்கின்றன. விமர்சனக் காணொளிகளில் காட்டப்படும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையுள்ள அறைகளில் எடுக்கப்பட்டவை. சென்னையில் கோடைக்காலத்தில் ஏசி போடாத அறை 34, 35 டிகிரியில் இருக்கும். கூலர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது சிப்பை அறையின் வெப்பத்தைவிடக் குளிர்விக்க முடியாது. அறையின் வெப்பத்தைவிட இத்தனை டிகிரி கூடுதல் என்ற இடைவெளியைக் குறைக்க மட்டுமே முடியும். அறை 10 டிகிரி கூடினால் சிப்பும் கிட்டத்தட்ட 10 டிகிரி கூடும். ஆகவே ஐரோப்பாவில் ஒருவர் 75 டிகிரி என்று காட்டுவதை நாம் 85 டிகிரி என்று படித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கினால், கணினி கோடையில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அடுத்ததாக, சிறிய கேபினட் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. பாகங்கள் இழுக்கும் மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகத்தான் அறைக்குள் வருகிறது, அது 53 லிட்டர் பெட்டியிலிருந்து வந்தாலும் 18 லிட்டர் பெட்டியிலிருந்து வந்தாலும். சிறிய பெட்டியில் அந்த வெப்பத்தை ஏந்திக்கொள்ளக் காற்று குறைவு என்பதால் அதை விரைவாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. ஆகவே முதலில் குறைக்க வேண்டியது வாட். விசிறிகளைக் கூட்டுவது அதற்கு அடுத்த வேலை. ஏஎம்டியின் ரைசன் 7 7700எக்ஸ், ரைசன் 7 7700 ஆகிய இரண்டு சிப்புகளிலும் எட்டுக் கோர்கள்தான். முதலாவது சாக்கெட்டிலிருந்து 142 வாட் வரை இழுக்க அனுமதிக்கப்பட்டது. இரண்டாவது 88 வாட். வேலை முடிக்கும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மின்சாரத்தில் உள்ள வேறுபாட்டோடு ஒப்பிடும்போது மிகச் சிறியது. நான் 88 வாட் சிப்பை வாங்கினேன். ஏற்கெனவே எக்ஸ் வகையை வைத்திருப்பவர்கள் பயாஸில் மின் வரம்பைக் குறைக்கும் ஈகோ மோடைத் தேர்ந்தெடுத்து அதே 88 வாட்டுக்குக் கொண்டுவரலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆர்டிஎக்ஸ் 4070 கார்டின் இயல்பான வரம்பு 200 வாட். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் அந்த வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்கி 160 வாட்டில் வைத்திருக்கிறேன். முழு அளவில் ஓடும்போது சிப்பும் கார்டும் சேர்ந்து 342 வாட்டைத் தொட்டிருக்கக்கூடிய இடத்தில் இப்போது 248 வாட்டில் நிற்கின்றன. என் ஏற்றுமதி வேலைகளில் இதனால் நான் உணரும் தாமதம் மிகக் குறைவு. அறையில் உணரும் வெப்பமோ தெளிவாகக் குறைந்திருக்கிறது. மின்னழுத்தத்தையும் குறைத்துப் பார்ப்பவர்கள், சோதனை மென்பொருளோடு நிறுத்தாமல் தங்கள் உண்மையான வேலையை ஒரு முழு நாள் ஓட்டிப் பார்த்த பிறகே அந்த அமைப்பை நிலைநிறுத்த வேண்டும். பத்து நிமிடச் சோதனையில் தேறும் அமைப்பு, நீண்ட ஏற்றுமதியின் கடைசிக் கட்டத்தில் நின்றுபோகலாம்.

காற்றோட்டத்தைச் சீர்படுத்த எனக்கு உதவிய ஓர் எளிய சோதனை உண்டு. வேலையை அரைமணி நேரம் ஓட்டி வெப்பத்தைக் குறித்துக்கொண்டு, பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மறுபடி அதே அளவு நேரம் ஓட்டிப் பாருங்கள். கதவைக் கழற்றியதும் வெப்பம் வெகுவாக இறங்கினால், உள்ளே புதுக்காற்று போதவில்லை என்று பொருள். விசிறிகளின் இடத்தையும் திசையையும் மாற்ற வேண்டும். கதவைக் கழற்றியும் வெப்பம் இறங்கவில்லையென்றால் குறை கூலரிலோ, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசும் தெர்மல் பேஸ்ட்டிலோ இருக்கிறது. என் கேபினட்டில் அடியில் இரண்டு 120 மி.மீ. விசிறிகள் காற்றை உள்ளே இழுத்து நேராகக் கார்டுக்குக் கொடுக்கின்றன. மேலே இரண்டு விசிறிகள் வெளியேற்றுகின்றன. கார்டு இரண்டு ஸ்லாட் தடிமன் மட்டுமே உள்ளதால் அடியில் வழக்கமான 25 மி.மீ. விசிறிகள் அடங்கின, மூன்று ஸ்லாட் கார்டாக இருந்திருந்தால் 15 மி.மீ. மெல்லிய விசிறிகளைத் தேட வேண்டியிருக்கும். அடியிலிருந்து காற்றை இழுக்கும் கணினியை மேசைவிரிப்பின் மீது வைக்கக் கூடாது. துணி காலப்போக்கில் தொய்ந்து காற்றுவழியை அடைத்துவிடும்.

டவர் தரையில் இருந்தது. வீடு கூட்டும்போது எழும் தூசி முழுவதையும் அது உள்ளே இழுத்துக்கொள்ளும், துடைக்கும்போது தண்ணீர் பட்டுவிடுமோ என்ற கவலை வேறு. சிறிய கணினி மேசை மேல் ஏறியதும் தூசி வெகுவாகக் குறைந்தது. ஆனால் ஓசை காதுக்கு அருகில் வந்துவிட்டது. ஓசை எழும் இடத்துக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியாகும்போது ஓசை அழுத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். தரையில் இருந்தபோது கேட்காத விசிறி மேசையில் கேட்கும். கணினி உரத்துவிட்டது என்று நினைத்துப் பலர் விலையுயர்ந்த விசிறிகளைத் தேடுகிறார்கள். அதற்கு முன் பயாஸில் விசிறி வேகக் கோட்டைத் திருத்திப் பார்ப்பது நல்லது. ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் ஒரு கோப்பைத் திறந்தால்கூட ஒரு விநாடிக்குள் பல டிகிரி ஏறி இறங்கும். அதைப் பின்தொடர்ந்து விசிறியும் ஏறி இறங்கினால், சீரான இரைச்சலைவிட அது அதிகம் தொந்தரவு தரும். 65 டிகிரி வரை விசிறி ஒரே குறைந்த வேகத்தில் சுழலுமாறும், அதற்கு மேல் மெதுவாக ஏறுமாறும், வேகம் மாறுவதற்குச் சில விநாடிகள் காத்திருக்குமாறும் அமைத்தேன். தம்பூராச் சுருதியைக் கேட்டுக்கொண்டே ஒலியைச் சமன் செய்யும்போது கணினி இருப்பதே தெரிவதில்லை. கூலராக நான் வைத்திருப்பது 125 மி.மீ. உயரமுள்ள நாக்டுவா என்எச்-யூ9எஸ். இன்னும் உயரமானது பொருந்தும் என்றாலும், கதவுக்கும் கூலருக்கும் நடுவே கேபிள்கள் செல்ல இடம் வேண்டும் என்பதால் இதையே தேர்ந்தெடுத்தேன்.

வழக்கமான ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 150 மி.மீ. அகலமும் 86 மி.மீ. உயரமும் 140 மி.மீ. ஆழமும் கொண்டது, தானே 1.8 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். எஸ்எஃப்எக்ஸ் வகை 125, 63.5, 100 மி.மீ. அளவுகளில் 0.8 லிட்டருக்குள் அடங்குகிறது. விலை கூடுதல்தான். ஆனால் அதனோடு வரும் கேபிள்கள் குட்டையாக இருக்கும் என்பதே அதன் பெரிய நன்மை. நீளமான கேபிள்களைச் சிறிய கேபினட்டுக்குள் திணித்தால் அவை காற்றோட்டத்தின் குறுக்கே நிற்கும். மின்தடையைக் கருதி யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். வாட்டைக் குறைத்த பிறகு என் கணினி அந்த வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது படிப்படியான அலைவடிவத்தையே தருகின்றன. புதிய எஸ்எம்பிஎஸ்களில் உள்ள ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சீராக்கச் சுற்று சில நேரங்களில் அதை ஏற்காமல் கணினியை அணைத்துவிடும். ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் அந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. தொகுப்பு வேலை செய்பவர்கள் அதற்குச் செலவிடத் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து.

பூட்டும் முறையும் டவரில் பழகியதிலிருந்து வேறானது. டவரில் போர்டை முதலில் திருகிவிட்டுப் பிறகு மற்றவற்றைச் சேர்க்கலாம். இங்கே சிப், ரேம், எஸ்எஸ்டி, கூலர் எல்லாவற்றையும் போர்டில் வெளியிலேயே பொருத்தி, ஓர் அட்டைப்பெட்டியின் மேல் வைத்து ஓட்டிச் சோதித்த பின்னரே உள்ளே இறக்க வேண்டும். ரைசன் 7000 வரிசையில் எஃப் எழுத்தில் முடியாத சிப்புகளில் காட்சிக்கான பகுதி உள்ளேயே இருப்பதால், கிராபிக்ஸ் கார்டு இல்லாமலேயே இந்தச் சோதனையைச் செய்யலாம். டிடிஆர்5 ரேம் பொருத்திய புதிய போர்டு முதன்முறை இயங்கும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பொறுமையாகக் காத்திருங்கள், நடுவில் அணைத்துவிட வேண்டாம். சிப்புக்கு மின்சாரம் தரும் 8 முனை கேபிள் போர்டின் மேல் மூலையில் செருகப்படுவது. கூலரோடு போர்டு உள்ளே அமர்ந்த பிறகு விரல் அங்கே எட்டாது. ஆகவே போர்டை உள்ளே இறக்கும்போதே அந்தக் கேபிளைச் செருகிவிட வேண்டும். பல மினி ஐடிஎக்ஸ் போர்டுகளில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடங்களில் ஒன்று போர்டின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கே காற்று படாது, போர்டைக் கழற்றாமல் எட்டுவதும் கடினம். அதிகம் எழுதி அழிக்கப்படும் தொகுப்பு எஸ்எஸ்டியை ஹீட்சிங்க் உள்ள முன்புறத்திலும், ஒருமுறை பொருத்தினால் நெடுநாள் தொடத் தேவையில்லாததைப் பின்புறத்திலும் வைத்தேன். ரேமுக்கு இரண்டே இடங்கள். இப்போது இரண்டு 16 ஜிபி, பிறகு இன்னும் இரண்டு 16 ஜிபி என்று திட்டமிட இங்கே வழியில்லை. இரண்டு இடங்களும் நிரம்பிய பின் கூட்ட வேண்டுமென்றால் இரண்டையும் எடுத்துவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும். நான் தொடக்கத்திலேயே இரண்டு 32 ஜிபி வாங்கினேன்.

டவரில் இருந்த 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகளுக்குப் புதிய இடம் தேட வேண்டியிருந்தது. பல ஆண்டுக் கச்சேரிகள் அவற்றில்தான் இருந்தன. ரவுட்டருக்கு அருகில், வேறு அறையின் அலமாரியில் ஒரு சிறு நாஸ் பெட்டி (வலைப்பின்னல் வழியாக எட்டும் சேமிப்பகம்) வைத்து அவற்றை அங்கே மாற்றினேன். சாதாரண கிகாபிட் வலைப்பின்னலில் உச்சமாக விநாடிக்கு 125 மெகாபைட்தான் செல்லும், 2.5 கிகாபிட் என்றால் 312 மெகாபைட் வரை. என் போர்டில் 2.5 கிகாபிட் இருந்ததால் அதற்கேற்ற ஸ்விட்ச் ஒன்றை மட்டும் வாங்கினேன். நடப்பு வேலை கணினியின் எஸ்எஸ்டியில் இருக்கும், முடிந்த வேலை நாஸுக்குப் போகும். எதிர்பாராத நன்மையாக, ஹார்ட் டிஸ்க்குகளின் அதிர்வும் கரகரப்பும் தொகுப்பு அறையை விட்டே போய்விட்டன.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கச் செல்பவர்கள் ஒன்றை எதிர்பார்த்தே செல்ல வேண்டும். மினி ஐடிஎக்ஸ் போர்டுகளையும் எஸ்எஃப்எக்ஸ் எஸ்எம்பிஎஸ்களையும் பல கடைகள் இருப்பில் வைப்பதில்லை. சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது இணையத்தில் வாங்க வேண்டும். "சார், மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு எடுத்துக்கோங்க, பழைய எஸ்எம்பிஎஸ்ஸே போதும், செலவும் கம்மி" என்று ஒரு கடைக்காரர் எனக்கு அறிவுரை சொன்னார். பலருக்கு அது நல்ல அறிவுரைதான். 244 மி.மீ. சதுரமான மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டை 30 லிட்டரை ஒட்டிய கேபினட்டில் வைத்தால், டவரின் ஏறத்தாழப் பாதி இடத்தை மிச்சப்படுத்திவிட்டு நான்கு ரேம் இடங்களையும் இரண்டாவது அட்டைக்கான ஸ்லாட்டையும் வைத்துக்கொள்ளலாம். வீடியோ கேப்சர் அட்டை, ஒலி அட்டை என்று ஒன்றுக்கு மேற்பட்டவை தேவைப்படுபவர்கள் மினி ஐடிஎக்ஸ் பக்கம் வரவே வேண்டாம். மறுமுனையில், தட்டச்சு, கணக்கு, புத்தக வடிவமைப்பு போன்ற பணிகளுக்குக் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை. அவர்கள் தாங்களாகக் கட்டுவதை விட்டுவிட்டு, லெனோவோ டைனி, டெல் மைக்ரோ, எச்பி மினி போன்ற ஏறத்தாழ ஒரு லிட்டர் அளவுள்ள அலுவலகக் கணினிகளைப் பார்க்கலாம்; பழையவை புதுப்பிக்கப்பட்டு மலிவாகவும் கிடைக்கின்றன. 2024இல் வந்த மேக் மினி 12.7 செ.மீ. சதுரம், உயரம் 5 செ.மீ. இன்டெல் 2023இல் நிறுத்திய நக் என்ற சிறு கணினி வரிசையை அசூஸ் தொடர்ந்து நடத்துகிறது. இவற்றில் ரேமையோ சேமிப்பையோ பின்னால் கூட்ட முடியுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வாங்கும் முன் அதைக் கட்டாயம் பார்த்துவிடுங்கள்.

எடுத்துச் செல்வதற்காகவே சிறிய கணினி கட்டுபவர்கள் லிட்டரோடு கிலோவையும் கணக்கிட வேண்டும். என்ஆர்200 எஃகுத் தகட்டால் ஆனது. வெறும் கேபினட்டே 5 கிலோவை ஒட்டியது. நம் நாட்டு விமானங்களில் கையோடு எடுத்துச் செல்லப் பெரும்பாலும் 7 கிலோதான் அனுமதி என்பதால், பாகங்கள் நிறைந்த இந்தக் கணினி அதில் அடங்காது. விமானத்தில் அடிக்கடி செல்பவர்களுக்கு 10 லிட்டருக்கு உட்பட்ட அலுமினிய கேபினட்டுகளே பொருந்தும். நான் ரயிலில் செல்வதால் இது எனக்குத் தடையாகவில்லை. திருவையாற்றுக்குத் தஞ்சாவூர் வரை ரயிலிலும் அங்கிருந்து காரிலும் போகிறேன். குலுங்கும் பயணத்தில் அதிகம் பாதிக்கப்படக்கூடியது கிராபிக்ஸ் கார்டு செருகப்பட்டிருக்கும் ஸ்லாட். கேபினட்டை நிமிர்த்தி வைத்தால் கார்டு பக்கவாட்டில் தொங்கி ஸ்லாட்டை இழுக்கும். மதர்போர்டு தரைக்கு இணையாகப் படுக்குமாறு கேபினட்டைச் சாய்த்து வைத்தால் கார்டும் கூலரும் போர்டின் மேல் நேராக நிற்கும், எடை ஸ்லாட்டுக்குள் நேர்கீழாக இறங்கும். நீண்ட சாலைப் பயணமென்றால் கார்டைக் கழற்றி அதன் சொந்தப் பெட்டியில் வைத்துத் தனியே எடுத்துச் செல்கிறேன். இரண்டு திருகுகளும் ஒரு கேபிளும்தான். போய்ச் சேர்ந்ததும் உடனே மின்சாரம் கொடுப்பதில்லை. ரயிலின் ஏசி பெட்டியிலிருந்து வெக்கையான அறைக்கு வரும்போது உள்ளே ஈரம் படியலாம் என்பதால் ஒரு மணி நேரமாவது கணினியைத் திறந்து வைத்து, ரேமும் கார்டும் கேபிள்களும் தளர்ந்திருக்கின்றனவா என்று விரலால் அழுத்திப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுகிறேன்.